புது லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ் வாங்கணுமா? தனி ஃபயர்வாலும் வேண்டுமா?

கேள்வி (17 அக்டோபர் 2025)

"வீட்டுக்குப் புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன், விண்டோஸ் 11. பில் போடும்போதே கடைக்காரர் 'மூணு வருஷ ஆன்டிவைரஸ் 1,800 ரூபாய், இது போடலன்னா வாரண்டி நிக்காது' என்கிறார். ஃபயர்வாலோடு சேர்ந்தது வேண்டுமென்றால் இன்னும் 600 கூடுதலாம். பையன் படிப்பு, நெட் பேங்கிங், மனைவி வீட்டிலிருந்து பார்க்கும் ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் இதில்தான். பழைய டெஸ்க்டாப் ஒன்றும் விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. எதை வாங்குவது? முன்பு ஸோன் அலாரம் போட்டிருந்தேன். அது மாதிரி தனி ஃபயர்வால் இப்போதும் தேவையா?"

17 அக்டோபர், இரவு

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். வாரண்டிக்கும் ஆன்டிவைரஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா அடித்துவிடுகிறார்.

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து பாருங்கள். வைரஸ் பாதுகாப்பு, ஃபயர்வால் என்று வரிசையாக எல்லாவற்றிலும் பச்சை டிக் தெரிந்தால் இரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே டிஃபெண்டருக்குப் (விண்டோஸோடு இலவசமாக வரும் ஆன்டிவைரஸ்) பதிலாக வேறு கம்பெனி பெயர் இருந்தால், லேப்டாப் தயாரிப்பாளரே போட்டு அனுப்பிய டிரையல் அது, கொஞ்ச காலம்தான் ஓடும். அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். டிரையல் இருக்கிற வரை டிஃபெண்டர் ஒதுங்கித்தான் நிற்கும். காலம் முடிந்ததும் அந்த டிரையல் உங்களைப் பயமுறுத்துவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளும்.

18 அக்டோபர்

ஃபயர்வால், அதாவது நெட்டுக்கும் கணினிக்கும் நடுவில் நிற்கும் காவல்காரன் பற்றிக் கேட்டதற்கு நேற்று பதில் சொல்லவில்லை. அது கொஞ்சம் பழைய கதை.

2004 மே மாதம், பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்டமர் பாதி மெயில் அடித்திருப்பார், திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வரும்: சிஸ்டம் அணையப் போகிறது, இன்னும் 60 விநாடி. 59, 58 என்று இறங்கும். அவர் என்னைப் பார்ப்பார், நான் ஓடுவேன். ரன் பெட்டியில் 'ஷட்டவுன்' கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, மைனஸ் போட்டு 'ஏ' தட்டினால் எண்ணுவது நின்றுவிடும். அந்தத் தெருவில் இந்த வித்தை தெரிந்த ஆள் நான் மட்டும்தான் என்பதால் பக்கத்துக் கடைகளில் எல்லாம் எனக்கு ஒரு மவுசு.

அதுதான் ஸாஸர், நெட் வழியாகத் தானே பரவும் வைரஸ். ஏப்ரல் கடைசியில் கிளம்பியது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிளாஸ்டரும் இதே ரகம். இவை பரவ யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். மெஷினை நெட்டில் இணைத்தாலே போதும், 445, 135 போன்ற போர்ட்டுகள் (நெட்டுக்காகக் கணினியில் இருக்கும் எண் போட்ட வாசல்கள்) வழியாக அதுவே உள்ளே வரும். அப்போது மோடம் கணினியோடு நேராகச் சொருகியிருக்கும், பொது ஐபி முகவரி, அதாவது நெட்டில் நம் விலாசம், அந்தக் கணினிக்கே வரும், நடுவில் ரவுட்டர் கிடையாது. அப்போதைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்துவைத்தே கொடுத்திருந்தார்கள். புதிதாக எக்ஸ்பி போட்டு, ஓட்டையை அடைக்கும் பேட்சை இறக்க டயல்அப்பில் இணைத்தால், பேட்ச் இறங்கி முடிவதற்குள் ஸாஸர் வந்துவிடும். ஸோன் அலாரம் போன்றவை கொடிகட்டிப் பறந்தது அதனால்தான். அன்றைக்கு அது உண்மையிலேயே தேவை.

2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தது. ஃபயர்வாலை ஆன் செய்தே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த விண்டோஸ் எல்லாமே அப்படித்தான். வெளியிலிருந்து யாராவது தானாகக் கதவைத் தட்டினால் திறக்காது, நீங்கள் கேட்டு வருவதை மட்டும் விடும். அதோடு இப்போது ரவுட்டர் இல்லாத வீடு இல்லை. ஒரே பொது முகவரியை வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதாலேயே, கேட்காமல் வருகிற பாக்கெட்டை (தரவுத் துண்டை) யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ரவுட்டர் கீழே போட்டுவிடும்.

ஆகவே 600 ரூபாய் ஃபயர்வால் வேண்டாம்.

18 அக்டோபர், பிற்பகல்

ஒருவர் கேட்டிருக்கிறார்: "உள்ளே வருவதைத் தடுக்கிறது சரி, வெளியே போவதை விண்டோஸ் ஃபயர்வால் தடுக்காதே?" ஆமாம், சும்மா விட்டால் தடுக்காது. ஸோன் அலாரத்தின் பெருமையே அதுதான். ஒவ்வொரு நிரலும் நெட்டுக்குப் போகும்போது 'இதை விடலாமா' என்று கேட்கும்.

கேட்கும், கேட்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். பெயரைப் பார்த்து என்னவென்று புரியாத ஒரு நிரல் அனுமதி கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? 'அலௌ'. அதிலும் 'எப்போதும்' என்ற பெட்டியில் டிக்கோடு. அப்புறம் அந்த ஃபயர்வால் வெறும் அலங்காரம். இன்னொன்று, ஒரு மால்வேர் (வைரஸ் மாதிரியான கெட்ட நிரல்) உள்ளே வந்து அட்மின் உரிமையும் வாங்கிவிட்டால், ஃபயர்வாலில் தனக்கு ஒரு விதி எழுதிக்கொள்வது அதற்குப் பெரிய வேலையில்லை.

ஆர்வம் இருந்தால் கிளாஸ்வயர் மாதிரி ஒன்றைப் போட்டு எந்த நிரல் எங்கே பேசுகிறது என்று வேடிக்கை பார்க்கலாம். நல்ல பொழுதுபோக்கு. நானும் கொஞ்சநாள் பார்த்தேன். பிரிண்டர் மென்பொருள் இவ்வளவு அரட்டை அடிக்கும் என்று அதற்கு முன் தெரியாது.

19 அக்டோபர்

"டிஃபெண்டர் டம்மி, இலவசமா கொடுக்கிறது எப்படி வேலை செய்யும்" என்று ஒரு தம்பி கொதித்திருக்கிறார். இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2009 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று ஒன்றை இலவசமாக விட்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதுவே டிஃபெண்டர் என்ற பெயரில் விண்டோஸுக்குள் புகுந்தது. அந்த ஆண்டுகளில் சோதனைகளில் அது கடைசி பெஞ்ச். ஆன்டிவைரஸ்களைச் சோதித்து மதிப்பெண் போடும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் 2012 கடைசியில் எசென்ஷியல்ஸுக்குச் சான்றிதழே கொடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்தச் சோதனை முறையோடு சண்டை போட்டது. தம்பி படித்தது அந்தக் காலத்துக் கட்டுரையாக இருக்கும்.

இப்போது நிலைமை வேறு. ஏவி-டெஸ்ட் மூன்று தலைப்பில் ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண் வரை போடும்: பாதுகாப்பு, வேகம், தொந்தரவு செய்யாமை. பல ஆண்டுகளாக டிஃபெண்டர் 18-க்கு 18 அல்லது அதை ஒட்டியே வாங்குகிறது. காசு கொடுத்து வாங்குகிறவையும் அங்கேதான் நிற்கின்றன. எல்லோரும் 99 சொச்சம் சதவீதத்தில் நிற்கும் பட்டியலில் யார் முதல், யார் மூன்றாவது என்று பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. அடுத்த சோதனையில் வரிசை மாறிவிடும்.

19 அக்டோபர்

"ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் பாதுகாப்புதானே?"

இல்லை சார். ஒவ்வொரு ஃபைலும் திறக்கும் நொடியில் இடையில் புகுந்து பார்ப்பதுதான் அதன் வேலை. இரண்டு பேர் புகுந்தால், ஒன்று திறந்து பார்ப்பதை இன்னொன்று திறந்து பார்க்கும். எக்செல் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

21 அக்டோபர்

நேற்று தீபாவளி, யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. அந்த இடைவெளியில் டிஃபெண்டரைப் பற்றி நான் எழுதியதை மறுபடி யோசித்தேன். ஒரு வரையறை சேர்க்க வேண்டும்.

டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பகுதி நெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சந்தேகமான ஃபைலைப் பார்த்ததும் மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்டு முடிவெடுக்கும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் தன் மால்வேர் சோதனையில் நெட் இருக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது, இல்லாதபோது எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். நெட் இல்லாத கட்டத்தில் டிஃபெண்டர் மற்ற பலவற்றைவிடப் பின்தங்கும். எனவே நெட்டே இல்லாமல், ஊரில் உள்ள அத்தனை பென் டிரைவும் வந்து போகிற ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு, காசு கொடுத்து நல்லதாக ஒன்று வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில், மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு இருக்கும் எக்ஸி கோப்பு (கிளிக் செய்தால் ஓடும் நிரல்) நினைவிருக்கிறதா? ஃபோல்டர் என்று நினைத்து இரட்டைக் கிளிக் செய்வோம், முடிந்தது கதை. அப்புறம் ஷார்ட்கட் வைரஸ் வந்தது. பென் டிரைவில் உள்ள எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், அசல் ஃபோல்டர்களை மறைத்து வைத்திருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள் காலையில் அழாத குறையாக வந்து நிற்பார்கள். ஃபைல் எதுவும் போயிருக்காது. கமாண்ட் பிராம்ப்டில் 'அட்ரிப்' கட்டளை கொடுத்து மறைப்பை எடுத்தால் எல்லாம் வெளியே வரும். பென் டிரைவைச் சொருகியதும் உள்ளே இருப்பது தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7-இல் எடுத்தார்கள், 2011-இல் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட் வழியாக எடுத்தார்கள். அதன் பிறகு அந்தக் கூட்டம் குறைந்தது. ஒழிந்துவிடவில்லை.

கேள்வி கேட்டவர் வீட்டு லேப்டாப் எந்நேரமும் வைஃபையில் இருக்கும். அவருக்கு என் பதில் மாறவில்லை.

22 அக்டோபர்

"அப்படி வாங்கினால் எது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் யார் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏவிஜியை அவாஸ்ட் 2016-இல் வாங்கியது. நார்ட்டன் கம்பெனி அவிராவை வாங்கியது, 2022 செப்டம்பரில் அவாஸ்டையும் சேர்த்துக்கொண்டு, நவம்பரில் 'ஜென் டிஜிட்டல்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆகவே நார்ட்டனா அவாஸ்டா ஏவிஜியா அவிராவா என்று மண்டையைக் குழப்பிக்கொள்பவர்கள், ஒரே முதலாளியின் நான்கு கடைகளுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்.

இலவசம் என்று போடுகிறவர்கள் 2020 ஜனவரியில் வெளிவந்த செய்தியைப் படிக்க வேண்டும். அவாஸ்டின் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட், பயனர்கள் எந்தத் தளத்தில் என்ன பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றுக்கொண்டிருந்தது. விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. உளவு பார்ப்பவனைத் தடுக்கப் போட்ட மென்பொருள்!

நம் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். கே7 சென்னைக் கம்பெனி, தொடங்கியவர் கேசவர்த்தனன். 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. ஜப்பானில் அதற்கு நல்ல சந்தை. குயிக் ஹீல் புனேயின் கட்கர் சகோதரர்களுடையது. கால்குலேட்டர் ரிப்பேர் கடையிலிருந்து கிளம்பி, 2016-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர்களில் இந்த இரண்டும்தான் அதிகம் கண்ணில் படும். பென் டிரைவ் வந்து போகிற இடத்துக்கு இரண்டுமே ஒத்துவரும் என்பது என் அபிப்பிராயம். வேகம் உங்கள் மெஷினைப் பொறுத்தது, போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

காஸ்பர்ஸ்கை பிடிக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைரஸைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், மறுக்கவில்லை. 2024-இல் அமெரிக்கா அதன் விற்பனைக்குத் தடை போட்டது, செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் கிடையாது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னால், அங்கிருந்த பயனர்கள் பலருடைய கணினியில் காஸ்பர்ஸ்கை மறைந்து 'அல்ட்ராஏவி' என்ற வேறொன்று தானாக உட்கார்ந்திருந்தது. மின்னஞ்சலில் சொல்லியிருந்தோம் என்றார்கள். இந்தியாவில் அந்தத் தடை இல்லை. ரஷ்யக் கம்பெனி என்பதைவிட, ஆன்டிவைரஸ் நினைத்தால் நம் கணினியில் என்ன வேண்டுமானாலும் இறக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

22 அக்டோபர், இரவு

மேலே சொன்னதன் தொடர்ச்சி. ஆன்டிவைரஸ் சிஸ்டத்தின் அடிமட்டத்தில் ஓடுவது. அது தடுக்கி விழுந்தால் எல்லாம் விழும். 2010 ஏப்ரல் 21-இல் மெக்காஃபி ஒரு அப்டேட் விட்டது. அது எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக், இதே கதை, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளில் நீலத் திரை. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அது கம்பெனிகளுக்கான மென்பொருள், வீட்டுக்கு வருவதில்லை. இருந்தாலும் 'எவ்வளவு அதிகம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது' என்பவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் நினைவில் வைக்கலாம்.

24 அக்டோபர்

நல்ல கேள்வி ஒன்று: "டிஃபெண்டர் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

ஐக்கார் சோதனைக் கோப்பு என்று தேடுங்கள். 68 எழுத்துகள் கொண்ட ஒரே ஒரு வரி. அதனால் ஒரு தீங்கும் கிடையாது. ஆன்டிவைரஸ்காரர்கள் எல்லோரும் 'இதைக் கண்டால் வைரஸ் மாதிரி நடத்துவோம்' என்று பேசிவைத்துக்கொண்டது. நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். ஃபைல் அப்படியே மாயமாகும், மூலையில் எச்சரிக்கை வரும். அக்கா பிள்ளைகளுக்குக் காட்டினேன், விடுமுறை முழுக்க அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

26 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டோடு. வலது கீழ்மூலையில் வரிசையாகப் பெட்டிகள்: உங்கள் கணினியில் 5 வைரஸ், உங்கள் சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும். "நீங்க சொன்னதைக் கேட்டு டிரையலை எடுத்தேன், இப்ப பாருங்க" என்று கோபம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியின் தலையில் சின்னதாக குரோம் வட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் நமக்குத் தெரியாத ஒரு தளத்தின் பெயர். அது ஆன்டிவைரஸ் சொல்வது இல்லை, விண்டோஸ் சொல்வதும் இல்லை. பையன் கிரிக்கெட்டோ படமோ பார்க்க எங்கோ போனபோது 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலௌ அழுத்தவும்' என்று ஒரு பக்கம் வந்திருக்கும். அழுத்தியிருப்பான். அந்த அலௌ, தளம் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கொடுத்த அனுமதி. அதில் ஆன்டிவைரஸ் கம்பெனி லோகோவைப் போட்டு அனுப்புகிறான். கிளிக் செய்தால் பணம் கட்டும் பக்கம்.

குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி வாங்கியவை பட்டியலில் தெரியும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். முடிந்தால் எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள். இதை ஏவி-டெஸ்டில் 18-க்கு 18 வாங்கிய எந்த ஆன்டிவைரஸும் நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. அனுமதி கொடுத்தது வீட்டு ஆள்.

26 அக்டோபர்

"நின்றுவிட்டது. பையன் நான் எதையும் அழுத்தலை என்கிறான்" என்று பதில் வந்திருக்கிறது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாரும் எதையும் அழுத்துவதில்லை.

29 அக்டோபர்

தம்பி கேட்கிறார்: "ஆன்டிவைரஸ் இருந்தும் ரான்சம்வேர் வருதே, அப்ப டிஃபெண்டர் எதுக்கு?" ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரகத்தைச் சொல்கிறார்.

என் தங்கை மாப்பிள்ளைக்குக் கல்யாண ஸ்டுடியோ. 2020-இல் ஆல்பம் டிசைன் செய்யும் மென்பொருள் ஒன்றை கிராக்கோடு (காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டு வழி) இறக்கினார். கூடவே ஒரு ரீட்மீ: 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்'. செய்தார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஆவதுபோல ஒரு ஜன்னல் வந்தது, சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்தால் ஒவ்வொரு ஃபோட்டோவின் பெயருக்கும் பின்னால் புரியாத நான்கெழுத்து ஒட்டியிருந்தது. எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490. தள்ளுபடி வேறு!

அது ஸ்டாப் அல்லது டிஜேவு என்று சொல்லப்படும் குடும்பம். பெரிய கம்பெனிகளை அது தேடிப் போவதில்லை. கிராக் தேடுகிற மாணவர்கள், ஸ்டுடியோக்கள், வீட்டுக் கணினிகள்தான் அதன் சந்தை. அந்த அப்டேட் ஜன்னல் போலி, பின்னால் பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019 அக்டோபரில் இதற்கு இலவசத் திறப்புக் கருவி விட்டிருந்தது. ஆனால் நெட்டோடு இணைந்து ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி போட்டுப் பூட்டியிருந்தால் அது உதவாது. இவருக்குத் தனிச் சாவி.

ஒரு விஷயம் காப்பாற்றியது. அந்த ரான்சம்வேர் அவசரக்காரன். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததுக்கு ஓடிவிடும். வீடியோ என்றால் ஜிபி கணக்கில் இருக்கும், தலை மட்டும்தான் சேதம். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் தலைப்பகுதியைத் திரும்பக் கட்டும் கருவிகள் இருக்கின்றன. முகூர்த்த வீடியோக்கள் பெரும்பாலும் திரும்பின. ஃபோட்டோக்களில் மெமரி கார்டில் மிச்சம் இருந்தவை மட்டும். பெண் வீட்டாரிடம் அவர் போய் நின்றதை நான் எழுதப் போவதில்லை.

டிஃபெண்டரோ, 1,800 ரூபாய் சரக்கோ, ஆஃப் செய்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

30 அக்டோபர்

அப்படியானால் ஆன்டிவைரஸுக்கு வைத்திருந்த காசை என்ன செய்வது? அதோடு கொஞ்சம் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். மாப்பிள்ளையின் பேக்கப் டிஸ்க் அன்று சொருகித்தான் இருந்தது.

2 நவம்பர்

டிஃபெண்டருக்குள்ளேயே ரான்சம்வேர் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது, 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. 2017-இல் வந்தது, அணைந்தே இருக்கும், நாம்தான் ஆன் செய்ய வேண்டும். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் நம்பகமான நிரல்கள் மட்டுமே எழுதலாம் என்று கட்டுப்படுத்தும்.

இதைப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. என் மெஷினில் ஆன் செய்தபோது பழைய கணக்கு மென்பொருள் சேவ் ஆகவில்லை. 'ஃபைல் இல்லை' என்று சம்பந்தமில்லாத பிழை வந்தது. விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் வேலை நடந்தது. தானே இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர் போடலாம். அம்மா அப்பா கணினியில் போட்டுவிட்டு வெளியூர் போனால் தினமும் ஃபோன் வரும்.

இதே ரகத்தில் இன்னொன்று. தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடையில் வாங்கி மாற்றிக் கொடுப்பவை. கடவுச்சொல் திருடும் கீலாகரும் விசைகளைத்தான் வாங்குகிறது. சில ஆன்டிவைரஸ்களுக்கு வித்தியாசம் தெரியாது. நான் ஒரு காலத்தில் காசு கொடுத்து வைத்திருந்த ஒன்று, ஒரு நாள் காலையில் என் தட்டச்சுக் கருவியைத் தூக்கிச் சிறையில் போட்டது, பாதிக் கட்டுரை அந்தரத்தில். அப்படி நடந்தால் உடனே விலக்கு கொடுத்துவிடாமல், அந்த ஃபைலை வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல பத்து ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் திட்டினால், அதுவும் அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கியதென்றால், பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பாதிக்கு மேல் திட்டினால் விலகுங்கள். ஜிஎஸ்டி, வங்கி ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியது மற்றவர் கைக்கும் போகும்.

3 நவம்பர்

கேள்வி கேட்டவரின் மனைவி அலுவலகத்திலிருந்து யாரோ சொன்னார்களாம்: "பிரிண்டர் ஷேர் ஆகணும்னா ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க."

செய்யாதீர்கள். வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கும், அதனால்தான் பகிர்வு நடக்கவில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் வீட்டு இணைப்பை மட்டும் 'பிரைவேட்' ஆக்குங்கள், போதும். ரயில் நிலையம், ஓட்டல் வைஃபை எல்லாம் பப்ளிக்காகவே இருக்கட்டும். கணக்கு மென்பொருள் கேட்டாலும் அதே பதில்தான்: அந்த ஒரு நிரலுக்கு அனுமதி கொடுங்கள், சுவர் முழுவதையும் இடிக்க வேண்டாம்.

5 நவம்பர்

ரவுட்டரைப் பற்றி 18-ஆம் தேதி பெருமையாக எழுதினேனே, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் அடியில் ஸ்டிக்கரைப் பாருங்கள். யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வைஃபை பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள் இதை மாற்றுவதில்லை. 2016-இல் மிராய் என்ற மால்வேர் கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது இந்த மாதிரி ஆலைப் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்துத்தான். மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வீட்டுக்கு வெளியிலிருந்தே ரவுட்டரை இயக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள்.

9 நவம்பர்

பழைய டெஸ்க்டாப். இதைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, லேப்டாப்பைவிட ஆபத்து அதில்தான்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, நீங்கள் கேள்வி கேட்டதற்கு மூன்று நாள் முன்னால். டிஃபெண்டரின் வைரஸ் அடையாளங்கள் அதில் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் வராது. இதன் வித்தியாசம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் காலத்தில் தெரிந்தது. ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-இல் பேட்ச் கொடுத்துவிட்டது. வன்னாக்ரை வந்தது மே 12-இல். அந்த இரண்டு மாதத்தில் அப்டேட் செய்தவர்களுக்கு அந்த வழியாக அது வரவில்லை. ஸாஸர் நுழைந்த அதே 445 போர்ட், 13 ஆண்டு கழித்தும்.

ஒரு வருடத் தவணை இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ்' என்று வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை ஆன்லைனில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் வரும். அதற்குள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் (இலவச இயங்குதளம்) போட்டுப் பழகிவிடுங்கள். பையன் பள்ளிக்கூடத்து வேலைக்கு அது தாராளம். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது, பிள்ளைகள் எல்லோரும் அதைத் தாண்டி விண்டோஸுக்குத்தான் போனார்கள் என்பது வேறு விஷயம். நெட் பேங்கிங்கை இன்றோடு டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றுங்கள்.

9 நவம்பர்

பையனுக்குத் தனிக் கணக்கு, 'ஸ்டாண்டர்டு' வகையில். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம். கேம் மோட் இறக்கினாலும் இன்ஸ்டால் செய்ய உங்களிடம் வந்து நிற்க வேண்டும். வீட்டில் சண்டை வரும், அதற்கு என்னிடம் மென்பொருள் இல்லை.

16 நவம்பர்

வேறொருவர்: மாமனாரின் திரை முழுக்க சிவப்பு, காது கிழியும் அலாரம், 'மைக்ரோசாஃப்டை அழைக்கவும்' என்று ஒரு எண். மூட முடியவில்லை, என்ன வைரஸ்?

வைரஸ் இல்லை, முழுத்திரையில் விரிந்த இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை சுருங்கும், பிரவுசரை மூடிவிடலாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் ஃபோன் எண் இருக்காது. அந்த எண்ணை ஏற்கெனவே அழைத்து, எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் மென்பொருள்) போட்டு உள்ளே விட்டிருந்தால், முதலில் வைஃபையை அணையுங்கள். வேறு ஃபோனிலிருந்து வங்கியை அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. கணினியை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

23 நவம்பர்

கேள்வி கேட்டவர் இப்போதுதான் சொல்கிறார்: டிரையலை நீக்கும் முன்பே, அதைத் தொடங்கும்போது கார்டு எண் கொடுத்திருக்கிறாராம். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. அந்தக் கம்பெனியின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து 'ஆட்டோ ரினீவல்' என்பதை அணையுங்கள், பல தளங்களில் மூன்று பக்கம் உள்ளே தள்ளி ஒளித்து வைத்திருப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தச் செய்தியிலேயே வேண்டாம் என்று மறுக்கவும் வழி இருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்குள் என்றால் ஓடிபி கேட்காது, அதனால் அந்தக் குறுஞ்செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். வங்கி ஆப்பில் கார்டு பகுதியில் 'மேன்டேட்' என்று இருக்கும், அங்கேயும் ஒருமுறை பார்த்து நீக்குங்கள். நீக்கினீர்களா என்று எழுதுங்கள்.

23 நவம்பர், இரவு

நீக்கிவிட்டாராம். அந்தப் பட்டியலில் 2022-இலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜாதக ஆப்பும் கிடைத்ததாம்.